ஓபியாய்டு போதையில் மரபணுவின் பங்கு எவ்வளவு?

2023 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒரு பரிசோதனைக்கு அனுமதி கொடுத்தது. பெயர் அவெர்ட்-டி. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்து, அந்த டி.என்.ஏ.வில் 15 இடங்களை மட்டும் படித்துப் பார்ப்பார்கள். அறுவை சிகிச்சை போன்ற காரணத்துக்காக ஒருவருக்கு முதன்முதலாக ஓபியாய்டு வலி மாத்திரை எழுதப் போகிறார்கள் என்றால், இவர் பிற்காலத்தில் அதற்கு அடிமையாகும் ஆபத்து உள்ளவரா இல்லையா என்பதை அந்த 15 இடங்கள் காட்டிவிடும் என்று தயாரித்த நிறுவனம் சொன்னது. மரபணுவைப் பார்த்து போதை ஆபத்தைச் சொல்லும் பரிசோதனைக்கு அங்கே அனுமதி கிடைத்தது அதுவே முதல் தடவை.

வேடிக்கை என்னவென்றால், 2022 அக்டோபரில் அதே நிர்வாகம் கூட்டிய நிபுணர் குழு 11-க்கு 2 என்ற கணக்கில் இந்தப் பரிசோதனைக்கு எதிராக வாக்களித்திருந்தது. சில திருத்தங்களுக்குப் பிறகு அனுமதி வந்தது. 2024 ஏப்ரலில் 31 நிபுணர்கள் சேர்ந்து, அனுமதியைத் திரும்பப் பெறுங்கள் என்று கடிதம் எழுதினார்கள். எதிர்த்தவர்களில் போதையின் மரபியலையே ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர்களும் இருந்தார்கள். ஓபியாய்டு அடிமைத்தனத்தில் மரபணுவுக்குப் பங்கு உண்டு என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. பிறகு ஏன் எதிர்த்தார்கள்? அதைப் புரிந்துகொள்ள இந்த ஆராய்ச்சி வந்த வழியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அபின், அதிலிருந்து எடுக்கும் மார்ஃபின், கோடீன், மார்ஃபினை மாற்றிச் செய்யும் ஹெராயின், ஆலையில் செய்யப்படும் டிராமடால், டேபென்டடால், ஃபென்டனில் என்று ஓபியாய்டு குடும்பம் பெரியது. எல்லாம் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். நரம்புச் செல்களின் மேற்பரப்பில், மருந்து வந்து அமர்ந்ததும் வேலையைத் தொடங்கும் புரதமான மியூ ஓபியாய்டு ஏற்பி. இப்படி ஓர் ஏற்பி மூளையில் இருப்பதை 1973-இல் கண்டார்கள். கசகசாச் செடியின் பாலுக்காக மனித மூளையில் எதற்கு ஓர் ஏற்பி என்ற கேள்விக்கு 1975-இல் விடை வந்தது: உடம்பே தனக்கான ஓபியாய்டுகளைச் சுரக்கிறது. என்கெஃபலின், பீட்டா-என்டார்ஃபின் என்பவை அவை. அடிபட்டாலும், நெடுந்தூரம் ஓடினாலும் இவை சுரந்து வலியைத் தணிக்கின்றன.

வெளியிலிருந்து வரும் மார்ஃபின் அதே ஏற்பியில் அமர்ந்து, அளவுக்கு மீறி வேலை செய்கிறது. வலி அடங்குகிறது. மூச்சு மெதுவாகிறது, மிகையாக எடுத்தால் ஆளைக் கொல்வது இதுதான். கூடவே, மூளையின் ஊக்க வேதிப்பொருளான டோபமைனைச் சுரக்கும் செல்களை அடக்கிவைத்திருக்கும் நரம்புகளின் வாயை மார்ஃபின் அடைத்துவிடுவதால், டோபமைன் பெருகி, ‘இது இன்னொரு தடவை வேண்டும்’ என்று மூளை குறித்துக்கொள்கிறது. நாள்பட எடுத்தால் ஏற்பி மந்தமாகி, அதே பலனுக்குக் கூடுதல் அளவு தேவைப்படுகிறது. நிறுத்தினால் உடம்பு முறுக்கும், மூக்கு ஒழுகும், வயிறு போகும், தூக்கம் வராது. அந்தக் கட்டத்தில் பலர் சுகத்துக்காக எடுப்பதில்லை, இந்த வேதனையிலிருந்து தப்பிக்க எடுக்கிறார்கள்.

இந்தச் சங்கிலியில் ஏற்பி, டோபமைன், கல்லீரலில் மருந்தை உடைக்கும் நொதி என்று எந்தக் கண்ணியை எடுத்தாலும் அதைச் செய்யும் குறிப்பு ஒரு மரபணுவில் இருக்கிறது. மரபணு ஆளுக்கு ஆள் சற்று மாறுபடும். அப்படியானால் போதைக்கு ஆளாகும் தன்மையும் மாறுபடத்தானே வேண்டும்? கேள்வி நியாயமானதுதான்.

வியட்நாம் கற்றுக்கொடுத்த இரண்டு பாடங்கள்

முதல் தடயம் இரட்டையர்களிடமிருந்து கிடைத்தது. வியட்நாம் போர்க்காலத்தில், 1965-க்கும் 1975-க்கும் இடையில், அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய ஆண் இரட்டையர்களுக்கென்று ஒரு பதிவேடு இருக்கிறது. மிங் சுவாங் தலைமையிலான குழு அதில் உள்ள மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஜோடிகளை ஆராய்ந்து 1998-இல் முடிவுகளை வெளியிட்டது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணு ஏறக்குறைய ஒன்றேதான். இரு கருவில் பிறந்த இரட்டையருக்குச் சாதாரண அண்ணன் தம்பி அளவுக்குத்தான் பொதுவானது. இரு வகையினரும் ஒரே வீட்டில் வளர்கிறார்கள். முதல் வகையில் ஒருவர் ஹெராயினில் விழுந்திருந்தால் மற்றவரும் விழுந்திருப்பது இரண்டாம் வகையைவிட அதிகமா என்று பார்த்தால் மரபின் பங்கு புலப்படும். அதிகமாகத்தான் இருந்தது. ஆய்வுக்கு ஆய்வு எண் மாறினாலும், ஓபியாய்டு அடிமைத்தனத்தில் மரபின் பங்கு பாதியை ஒட்டி வரும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். சுவாங் குழு பார்த்த போதைப் பொருட்களில், மற்றவற்றோடு பகிர்ந்துகொள்ளாத தனி மரபுப் பங்கு அதிகமாக இருந்தது ஹெராயினுக்குத்தான்.

இந்தப் ‘பாதி’ என்ற எண்ணைத்தான் எல்லோரும் தப்பாகப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒருவருடைய போதைப் பழக்கத்தில் பாதி அப்பா அம்மா தந்தது, மீதி அவர் தேடிக்கொண்டது என்று இதற்குப் பொருள் இல்லை. ஒரு குறிப்பிட்ட மக்கள் கூட்டத்தில், ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் எவ்வளவை மரபணு வேறுபாட்டோடு இணைக்கலாம் என்பதுதான் அந்த எண். கூட்டம் மாறினால், காலம் மாறினால், எண்ணும் மாறும். ஹெராயினே கிடைக்காத ஊரில் இந்தக் கணக்கைப் போடவே முடியாது.

அதே போர் இதற்கு மறுபக்கத்தையும் காட்டியது. 1971-இல் வியட்நாமிலிருந்த அமெரிக்கச் சிப்பாய்களிடையே ஹெராயின் பரவியிருப்பது தெரிந்து நிக்சன் அரசு பதறியது. ஊர் திரும்பும் முன் எல்லோருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை என்று உத்தரவு போட்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் திரும்பியவர்களில் ஒரு பகுதியினரை லீ ராபின்ஸ் என்ற சமூகவியல் ஆய்வாளர் தேடிப்பிடித்துப் பேட்டி எடுத்தார். ஏறக்குறைய பாதிப் பேர் அங்கே அபினோ ஹெராயினோ தொட்டிருந்தார்கள். ஐந்தில் ஒருவர் அடிமையாகியிருந்தார். ஆனால் ஊர் திரும்பிய முதல் ஆண்டில், அடிமையாகியிருந்தவர்களில் மீண்டும் அந்த நிலைக்குப் போனவர்கள் சுமார் 5 சதவீதம். மூன்றாண்டுக் கணக்கில் பார்த்தாலும், கொஞ்ச காலமாவது திரும்ப விழுந்தவர்கள் 12 சதவீதம்தான்.

முதலில் யாரும் நம்பவில்லை. ஹெராயினை ஒரு முறை பிடித்தால் விடாது என்பதுதான் அன்றைய முடிந்த முடிவு. வியட்நாமில் ஹெராயின் சுத்தமாக, மலிவாக, கூப்பிடு தூரத்தில் கிடைத்தது. போரின் பயமும் சலிப்பும் இருந்தன. வீட்டார் கண் எட்டவில்லை. ஊர் வந்ததும் இதெல்லாம் ஒரே நாளில் மாறியது. அந்தச் சிப்பாய்களின் மரபணு விமானத்தில் மாறிவிடவில்லை.

இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால்தான் மேலே சொல்லப்போவது புரியும். ஒன்றை விட்டால் ‘எல்லாம் விதி’ என்பதில் போய் நிற்போம், மற்றதை விட்டால் ‘எல்லாம் மனவுறுதி’ என்பதில்.

ஓர் எழுத்தின் கதை

மியூ ஏற்பியைச் செய்யும் மரபணுவின் பெயர் ஓபிஆர்எம்1. ஆறாவது குரோமோசோமில் இருக்கிறது. அதில் 118-வது இடத்தில் பெரும்பாலோருக்கு ஏ என்ற டி.என்.ஏ. எழுத்து. சிலருக்கு அங்கே ஜி. இந்த ஓர் எழுத்து மாறினால் ஏற்பிப் புரதத்தின் 40-வது கண்ணியில் ஓர் அமினோ அமிலம் மாறி, அங்கே வந்து ஒட்டவேண்டிய சர்க்கரைக் கிளை ஒன்று ஒட்டாமல் போகிறது.

இதைப் பிரபலமாக்கியது நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் மேரி ஜீன் கிரீக்கின் ஆய்வகம். கிரீக் சாதாரண ஆள் இல்லை. 1964-இல் வின்சென்ட் டோல், மேரி நிஸ்வாண்டர் ஆகியோருடன் சேர்ந்து ஹெராயின் அடிமைகளுக்கு மெதடோன் சிகிச்சையை உருவாக்கியவர்களில் ஒருவர். போதை அடிமைத்தனத்தை ஒழுக்கக்கேடு என்று சட்டமும் சமூகமும் பார்த்த காலத்தில், இது மூளையில் நிகழும் வேதிமாற்றம், சர்க்கரை நோய்க்கு மருந்து கொடுப்பதுபோல் இதற்கும் கொடுக்கலாம் என்று வாதாடிய குழு அது. அப்படிப்பட்டவர் அந்த வேதிமாற்றத்துக்குப் பின்னால் இருக்கும் மரபணுவைத் தேடிப் போனது இயல்பான அடுத்த அடி. 1998-இல் அவருடைய குழு, ஜி எழுத்துள்ள ஏற்பியில் பீட்டா-என்டார்ஃபின் சுமார் மூன்று மடங்கு இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது என்று அறிவித்தது.

அறிவிப்பு வந்ததும் உலகமெங்கும் ஆய்வகங்கள் இந்த ஓர் எழுத்தின் பின்னால் ஓடின. அப்புறம் நடந்தது பெரும் குழப்பம். வேறு ஆய்வகங்களில் அந்த மூன்று மடங்கு இறுக்கம் கிடைக்கவில்லை. ஜி எழுத்திருந்தால் ஏற்பியே குறைவாகத்தான் உற்பத்தியாகிறது என்று 2005-இல் இன்னொரு குழு சொன்னது. நோயாளிகளிடம் பார்த்தால் இன்னும் மோசம். மத்திய சுவீடனில் செய்த 2004-ஆம் ஆண்டு ஆய்வில் ஹெராயின் அடிமைகளிடம் ஜி கூடுதலாக இருந்தது. கிழக்கு இந்தியாவில் செய்த சிறிய ஆய்வுகளும் ஜி-யைத்தான் ஆபத்துப் பக்கம் வைத்தன. வேறு இடங்களில் தொடர்பே இல்லை என்றார்கள்.

எங்கே கோளாறு? பெரும்பாலான ஆய்வுகளில் சில நூறு பேர்தான் இருந்தார்கள். அத்தனை சிறிய கூட்டத்தில் தற்செயலாகவே எதாவது ஒரு வித்தியாசம் எட்டிப்பார்க்கும். வித்தியாசம் தெரிந்த ஆய்வு அச்சேறும், தெரியாதது மேசை இழுப்பறையில் தூங்கும். அதைவிட நுட்பமான தவறு இன்னொன்று. மதுரையில் ஆயிரம் பேரையும் லூதியானாவில் ஆயிரம் பேரையும் பிடித்து, இட்லி தின்பவர்களுக்கும் ரொட்டி தின்பவர்களுக்கும் மரபணுவில் என்ன வேறுபாடு என்று தேடினால் நூற்றுக்கணக்கில் கிடைக்கும். அதில் ஒன்றுகூட இட்லிக்கான மரபணு இல்லை. ஊருக்கு ஊர் மரபணு எழுத்துகளின் விகிதம் மாறுகிறது, அவ்வளவுதான். 118-வது இடத்து ஜி இந்த வலையில் சிக்குவதற்கென்றே பிறந்தது போன்றது. ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அதன் அளவு 10 முதல் 15 சதவீதம். ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் மிக அரிது. ஆசியர்களிடம் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை போகிறது. இந்தியர்களிடம் 40 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. போதைப் பழக்கமுள்ளவர்கள் கூட்டமும் மற்றவர்கள் கூட்டமும் வம்சாவளியில் சற்றே வேறுபட்டாலும் போதும், ஜி குற்றவாளியாகிவிடும்.

இதற்கு ஒரே மருந்து எண்ணிக்கை. அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் துறை 2011-இல் தொடங்கிய மில்லியன் வெட்டரன் திட்டத்தில், முன்னாள் படைவீரர்கள் ரத்தம் கொடுத்து, தங்கள் மருத்துவப் பதிவுகளைப் பார்க்கவும் அனுமதித்திருக்கிறார்கள். அந்தத் தரவையும் வேறு சிலவற்றையும் வைத்து 2020-இல் வெளியான ஆய்வு ஒரு காரியத்தைப் புத்திசாலித்தனமாகச் செய்தது. ஓபியாய்டு அடிமைகளை, ஓபியாய்டையே தொடாதவர்களோடு ஒப்பிடவில்லை. மருந்தாக எடுத்தும் அடிமையாகாதவர்களோடு ஒப்பிட்டது. தொடாதவர் அடிமையாவாரா மாட்டாரா என்பது யாருக்கும் தெரியாதே. பத்தாயிரத்துச் சொச்சம் அடிமையானவர்கள் ஒரு பக்கம், எழுபதாயிரத்துக்கும் மேல் மறுபக்கம்.

மரபணுத்தொகுதி முழுவதையும் சலித்ததில், ஐரோப்பிய வம்சாவளியினரிடம் தேறி நின்றது ஓபிஆர்எம்1-இன் அதே 118-வது எழுத்து. இருபது வருடக் குழப்பத்துக்குப் பிறகு கிரீக் குழு கைகாட்டிய இடம் சரிதான் என்று ஆனது. ஆனால் திசை தலைகீழ். ஜி உள்ளவர்களுக்கு ஆபத்து கூடவில்லை, குறைந்திருந்தது. அதுவும் ஒரு ஜி எழுத்துக்கு ஏறக்குறைய 6 சதவீதம். ஆபத்துப் பக்கம் நின்றது ஏ. ஐரோப்பியர்களில் பெரும்பாலோர் சுமக்கும் சாதாரண எழுத்து அது. ‘போதை மரபணு’ என்று பத்திரிகைத் தலைப்பில் பார்க்கும்போது ஏதோ அரிதான, ஊனமான ஒன்று நம் மனதில் வருகிறது. உள்ளதிலேயே உறுதியாக நிரூபணமான போதை எழுத்து எல்லோரிடமும் இருக்கும் எழுத்து என்பது எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம்.

2022-இல் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த அடுத்த ஆய்வில் 14 இடங்கள் கிடைத்தன. ஒவ்வொன்றின் பங்கும் இதுபோலவே துளி. பலவும் ஓபியாய்டுக்கு மட்டும் உரியவை அல்ல. புகையிலை, மது, மனச்சோர்வு ஆகியவற்றோடும் பொதுவான மரபுச் சரக்கு நிறைய இருக்கிறது. 2020 ஆய்வு கணக்கிட்டபடி, பொதுவாகக் காணப்படும் எல்லா மாறுபாடுகளையும் ஒன்றாகச் சேர்த்தாலும் ஆபத்தில் விளக்க முடிந்தது 11 சதவீதம் அளவுதான். இரட்டையர் கணக்கு சொல்லும் பாதி எங்கே, இந்த 11 எங்கே!

இப்போது அந்தப் பஞ்சுக்குச்சிக்கு வருவோம்

அவெர்ட்-டி பார்க்கும் 15 இடங்களில் பெரும்பாலானவை அந்தப் பழைய சிறிய ஆய்வுகளின் காலத்துச் சரக்கு. டோபமைன், செரோடோனின், ஓபியாய்டு என்று பெயரைக் கேட்டாலே போதையோடு தொடர்பிருக்கும் என்று தோன்றும் மரபணுக்களிலிருந்து எடுத்தவை. அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில் இருந்தவர்கள் 385 பேர். அடிமையானவர்களில் சுமார் 83 சதவீதத்தினரையும், ஆகாதவர்களில் 79 சதவீதத்தினரையும் பரிசோதனை சரியாக அடையாளம் கண்டது என்றார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. சரி, அந்த எண்களை அப்படியே நம்பி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அறுவை சிகிச்சைக்கு வரும் ஆயிரம் பேர். ஒரு பேச்சுக்கு, அதில் 50 பேர் பிற்காலத்தில் அடிமையாவார்கள் என்று வைத்துக்கொள்வோம். பரிசோதனை அதில் 41 பேரைப் பிடிக்கும், 9 பேரைத் தவறவிடும். மீதி 950 பேரில் 753 பேரைச் சரியாக ‘ஆபத்தில்லை’ என்று சொல்லும்; 197 பேரைத் தவறாக ‘ஆபத்து’ என்று சொல்லும். ஆக, ஆபத்து என்ற தாள் 238 பேர் கைக்கு வரும். உண்மையில் ஆபத்துள்ளவர்கள் அதில் 41 பேர். ஆறு பேருக்கு அந்தத் தாள் போனால் ஐந்து பேருக்குப் பொய்.

அந்த ஐந்து பேரின் நிலையை யோசித்துப் பாருங்கள். இடுப்பெலும்பு உடைந்து கிடப்பவரின் கோப்பில் ‘ஓபியாய்டு ஆபத்து’ என்று பதிவாகிவிட்டால், மருத்துவர் மார்ஃபின் எழுதக் கை தயங்குவார். வேறு மருத்துவமனைக்குப் போனாலும் கோப்பு கூடவே போகும். தவறவிட்ட ஒன்பது பேருக்கு வரும் ஆபத்து வேறு விதம்: உனக்குப் பயமில்லை என்று அச்சடித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு மாத்திரையைத் தொடர்வார்கள்.

இதெல்லாம் நிறுவனத்தின் எண்கள் உண்மை என்று வைத்துக்கொண்டால். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் அலெக்ஸாண்டர் ஹாட்டூம் குழு 2021-இல், இதே பாணியில் பொறுக்கிய 16 மரபணு இடங்களை இயந்திரக் கற்றலுக்குக் கொடுத்துச் சோதித்தது. வம்சாவளியைச் சமன் செய்ததும் போதையைக் கணிக்கும் திறன் காணாமல் போனது. அந்த இடங்கள் உண்மையில் நன்றாகக் கணித்தது ஆள் எந்த வம்சாவளி என்பதைத்தான். மேலே சொன்ன இட்லிக் கோளாறேதான். பிறகு 2025 ஜனவரியில், நாலரை லட்சம் முன்னாள் படைவீரர்களின் தரவில், அவர்களில் 33 ஆயிரத்துக்கும் மேல் ஓபியாய்டு அடிமைத்தனம் உள்ளவர்கள், அவெர்ட்-டியின் அதே 15 இடங்களைச் சோதித்த ஆய்வு வெளியானது. ஆபத்தில் அந்த இடங்கள் எல்லாம் சேர்ந்து விளக்கியது 0.4 சதவீதம். நூறு பேரைக் கணித்தால் 47 பேர் விஷயத்தில் தப்பாகும். காசைச் சுண்டிப் போட்டாலும் ஏறக்குறைய இதே பலன் கிடைக்கும், செலவும் கிடையாது.

மரபணுவைப் பார்ப்பதில் பலனே இல்லை என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. தேடிய இடம்தான் தப்பு. போதையைவிட எளிமையான கேள்வி ஒன்றுக்கு மரபணு தெளிவாகவே பதில் சொல்கிறது: இந்த மருந்து இந்த உடம்பில் எப்படி வேலை செய்யும்?

கோடீனை எடுத்துக்கொள்வோம். இருமல் சிரப்பில் கலந்து வந்த அதே கோடீன். அது தானாகப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. கல்லீரலில் சிஒய்பி2டி6 என்ற நொதி அதில் ஒரு பகுதியை மார்ஃபினாக மாற்றிய பிறகுதான் வலி தணிகிறது. இந்த நொதியின் மரபணு சிலரிடம் வேலையே செய்யாது. ஐரோப்பியர்களில் 5 முதல் 10 சதவீதத்தினர் இப்படி. புதுச்சேரி ஜிப்மர் மருந்தியல் துறை தமிழ்நாடு உள்ளிட்ட தென்மாநில மக்களிடம் இந்த நொதியை ஆராய்ந்திருக்கிறது. நம் பக்கம் இத்தகையவர்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் அளவில்தான். அவர்களுக்குக் கோடீன் கொடுத்தால் வலி குறையாது. மருத்துவரிடம் போய் ‘மாத்திரை கேட்கவில்லை, இன்னும் கொடுங்கள்’ என்பார்கள். மருத்துவருக்கோ இவர் போதைக்காகக் கேட்கிறாரோ என்று சந்தேகம் வரும்.

மறுகோடியில், அந்த மரபணு இரண்டு மூன்று நகல்களாகப் பெருகியிருப்பவர்கள். எத்தியோப்பியர்களில் கால்வாசிக்கும் மேல் இப்படி இருக்கிறார்கள். இவர்கள் உடம்பில் கோடீன் வேகவேகமாக மார்ஃபினாகும். டான்சில் அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த குழந்தைகள் வழக்கமான அளவு கோடீனிலேயே மூச்சடங்கி இறந்த சம்பவங்களுக்குப் பிறகு, 2013-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அந்தச் சூழலில் குழந்தைகளுக்குக் கோடீன் கொடுக்கவே கூடாது என்று கடும் எச்சரிக்கை போட்டது. 2017-இல் 12 வயதுக்கு உட்பட்ட எல்லோருக்கும், டிராமடாலுக்கும் சேர்த்து அதை நீட்டியது.

இது போதையையும் தொடுகிறது. 1997-இல் டொரோண்டோவில் ரேச்சல் டின்டேல் குழு, கோடீன் போன்ற வாய்வழி ஓபியாய்டுகளுக்கு அடிமையானவர்களை ஆராய்ந்தபோது, இந்த நொதி வேலை செய்யாதவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை. மருந்து கிறக்கம் தராவிட்டால் யார் அதன் பின்னால் போவார்கள்? ஆனால் இந்தப் பாதுகாப்பு நொதியை நம்பியிருக்கும் மருந்துகளுக்கு மட்டும்தான். மார்ஃபினுக்கோ, ஹெராயினுக்கோ, சென்னையில் போலீஸ் அடிக்கடி பிடிக்கிறார்களே, அந்த டேபென்டடால் மாத்திரைக்கோ இந்த நொதி பெரிதாகத் தேவையில்லை. அவை நேராகவே வேலையைக் காட்டும்.

ஓபிஆர்எம்1-இன் ஜி எழுத்தும் இந்த எளிய கேள்விக்குக் கொஞ்சம் பதில் வைத்திருக்கிறது. சிங்கப்பூரில் சிசேரியன் ஆன பெண்களை வைத்துச் செய்த ஆய்வு இது. அறுவைக்குப் பிறகு கையில் ஒரு பொத்தானைக் கொடுத்துவிடுவார்கள். வலித்தால் அழுத்தலாம், பம்ப் அளவாக மார்ஃபினை நரம்பில் இறக்கும், அடுத்தடுத்து அழுத்தினாலும் குறித்த நேரம் கழியாமல் இறக்காது. யார் எவ்வளவு எடுத்துக்கொண்டார் என்பது இயந்திரத்தில் பதிவாகும். சீன வம்சாவளிப் பெண்களிடம் பார்த்தபோது, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு ஜி பெற்றவர்கள் கூடுதல் வலி என்றார்கள், கூடுதல் மார்ஃபின் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு ஏ உள்ளவர்களுக்குக் குமட்டல் அதிகம். பிறகு சீன, மலாய், இந்தியப் பெண்களை ஒப்பிட்டதில், அதிக வலியும் அதிக மார்ஃபின் தேவையும் இந்தியப் பெண்களுக்கு இருந்தன. ஜி எழுத்தும் சீனர்களைவிட மலாய், இந்தியப் பெண்களிடம் கூடுதல். அதே சமயம், வம்சாவளியால் வந்த வேறுபாடு முழுவதையும் அந்த எழுத்து விளக்கிவிடவில்லை. பிரசவ வார்டில் ‘ஏன் இப்படிக் கத்துகிறாய்’ என்று அதட்டு வாங்கிய பெண்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். கூடுதல் மருந்து கேட்பது எல்லாம் பலவீனமோ ஆசையோ இல்லை என்பதற்கு இங்கே ஓர் உயிர்வேதியியல் சாட்சி இருக்கிறது.

மரபணுக் கதையில் மூழ்கும்போது கண்ணிலிருந்து நழுவக்கூடாத எண் ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஓபியாய்டு மிகையால் இறந்தவர்கள் 1999-இல் சுமார் 8 ஆயிரம். 2021-இல் 80 ஆயிரத்துக்கும் மேல். இருபத்திரண்டு ஆண்டில் பத்து மடங்கு. ஒரு தலைமுறைகூட முழுதாகக் கழியாத காலத்தில் ஒரு நாட்டின் மரபணு பத்து மடங்கு கெட்டுப்போகாது. மாறியது சந்தை. 1996-இல் ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு வலி மாத்திரை கடைக்கு வந்தது. அடிமையாக்கும் ஆபத்து குறைவு என்று மருத்துவர்களிடம் சொல்லி விற்றார்கள். தயாரித்த பர்டூ நிறுவனம் 2007-இலும் 2020-இலும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. மாத்திரைக்குக் கெடுபிடி வந்ததும் மக்கள் ஹெராயினுக்குப் போனார்கள், பிறகு கள்ளச் சந்தையில் ஃபென்டனில் வந்தது. மரபு ஆபத்து ஒருவரிடம் எவ்வளவு இருந்தாலும், மருந்து கைக்கு வராதவரை அது தூங்கிக்கொண்டே இருக்கும். ஆபத்தைத் தனி மனிதரின் டி.என்.ஏ.வில் தேடும் பரிசோதனைகள் மீது எனக்குள்ள பெரிய வருத்தம் இதுதான். விற்றவர்மீது விழவேண்டிய பார்வையை, வாங்கியவரின் உடம்புக்குள் திருப்பிவிடுகின்றன.

இந்தியாவில் 2019-இல் சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி ஓபியாய்டு பயன்படுத்துபவர்கள் சுமார் 2 கோடியே 26 லட்சம் பேர். இவர்களில் சுமார் 77 லட்சம் பேருக்கு அது தொல்லையாகவோ அடிமைத்தனமாகவோ ஆகியிருந்தது. டிராமடாலை 2018-இல் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். இன்னொரு பக்கம், புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு மார்ஃபின் கிடைப்பதே கஷ்டம் என்பதால், 2014-இல் அதே சட்டத்தைத் திருத்தி மருத்துவ மார்ஃபினுக்கான உரிம நடைமுறையைச் சுலபமாக்க வேண்டியிருந்தது. ஒரே நாட்டில் தேவைப்படாதவருக்கு மருந்து தாராளமாகவும், தேவைப்படுபவருக்குத் தட்டுப்பாடாகவும் இருக்கிறது.

மருத்துவர் இன்றைக்கு என்ன செய்யலாம்? 2005-இல் வந்த ஒரு பக்கக் கேள்வித்தாள் ஒன்று இருக்கிறது. பெற்றோர், உடன்பிறந்தவர்களில் யாருக்காவது மதுவிலோ போதைப் பொருளிலோ சிக்கல் இருந்ததா, உங்களுக்கு இருந்ததா, வயது என்ன, மனநலப் பிரச்சினை உண்டா என்று கேட்கும். இதுவும் துல்லியமானதல்ல. ஆனால் குடும்ப வரலாறு என்ற ஒரு கேள்வியில் நாம் பெயர் கண்டுபிடிக்காத ஆயிரக்கணக்கான மரபணு எழுத்துகளும், அந்த வீட்டில் வளர்ந்த அனுபவமும் சேர்ந்தே அடங்கிவிடுகின்றன. கேட்கக் காசு வேண்டாம்; நோயாளி உண்மையைச் சொல்லும்படி கேட்கத் தெரிந்தால் போதும். அடிமையாகிவிட்டவருக்கோ, மரபணு எதுவானாலும் மெதடோனும், அதேபோல் சிகிச்சைக்குக் கொடுக்கும் புப்ரெனார்ஃபினும் உயிரைக் காக்கின்றன. அதற்கு எந்தப் பரிசோதனைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

இந்தியர்களைப் பொறுத்தவரை அந்த 118-வது எழுத்தின் கதை முடியவில்லை. ஜி காக்கிறது என்ற பெரிய ஆய்வு, ஜி குறைவாக இருக்கும் ஐரோப்பிய வம்சாவளி ஆண்களைப் பெரும்பான்மையாகக் கொண்டது. ஜி கெடுக்கிறது என்ற கிழக்கு இந்திய ஆய்வுகள், ஜி மலிந்த கூட்டத்தில் செய்யப்பட்டாலும் மிகச் சிறியவை. இரண்டும் எதிரெதிராக நிற்கின்றன. 2025 ஜனவரியில் வெளியான ஜீனோம் இந்தியா தரவில் பத்தாயிரம் பேரின் மரபணுத்தொகுதி இருக்கிறது. எந்தச் சமூகத்தில் ஜி எவ்வளவு என்று அதை வைத்து எண்ணிவிடலாம். ஆனால் ஜி உள்ளவர்கள் மார்ஃபின் எடுத்தபின் என்ன ஆனார்கள் என்பதை அது சொல்லாது. அதற்கு, ஓபியாய்டு எடுத்து அடிமையானவர்கள், எடுத்தும் ஆகாதவர்கள் என்று இரு தரப்பிலும் ஆயிரக்கணக்கான இந்தியர்கள், மருத்துவப் பதிவுகளோடு வேண்டும்.